வண்டியில் என்ன வெட்டுக்கருவி வைக்கலாம்? கருவேலங்காட்டு வழிகளில் போகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் தார்ச்சாலையை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையிலோ, குலதெய்வக் கோவிலுக்குப் போகும் மண்பாதையிலோ திரும்பினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல்தான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஒரே மாதத்தில் கிளைகள் பாதைக்குள் வந்துவிடும். காற்றடித்தால் ஏதாவது ஒன்று முறிந்து குறுக்கே கிடக்கும். அப்படிக் கிடப்பது பெரும்பாலும் மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளைதான். ஆனால் முள் இருப்பதால் வெறுங்கையால் இழுத்துப்போட முடியாது; மேலே ஏற்றிப் போனால் டயர் போகும்; ஒற்றைத் தடத்தில் பின்னாலும் எடுக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது தார்ச்சாலைகளே மரம் விழுந்து அடைபட்டன. வருடாவருடம் அந்த அளவுக்குப் புயல் வராது. மணிக்கட்டுத் தடிமன் கிளை வருடாவருடம் விழும். வண்டியில் வைக்கும் கருவியை அந்தக் கிளைக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று போதும்: ஒரு மடக்கு ரம்பம், ஒரு குட்டை வெட்டரிவாள், ஒரு சின்னக் கத்தி. வாங்க வேண்டிய வரிசையும் இதுதான். நம் பக்கத்தில் பலரும் முதலில் அரிவாளை வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரிவாள் வீச இடம் வேண்டும், பழகிய கை வேண்டும், வெளிச்சம் வேண்டும். ரம்பத்துக்கு இந்த மூன்றும் அவ்வளவாக வேண்டாம். இரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் யார் கையிலும் ஆபத்தில்லாமல் வேலை செய்வது ரம்பம்தான்.

மடக்கு ரம்பம்

அலகின் நீளம் 8 முதல் 9½ அங்குலம் வரை இருக்கட்டும். அலகு நீளத்தில் பாதித் தடிமன் வரைதான் ஒரு ரம்பம் சுகமாக அறுக்கும். அதற்கு மேல் போனால் இழுப்பதற்கு நீளம் போதாமல் மரத்தூள் வெளியே வராது, அலகு இறுகிக்கொள்ளும். 8 அங்குல அலகு 4 அங்குலக் கிளையைத் தாண்டிவிடும். காருக்கு அது தாராளம்.

பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிடியை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது இழுக்கும்போது அறுக்கிற ரம்பம். அதையே வாங்குங்கள். இழுக்கும்போது அலகு விறைப்பாக நிற்பதால் மெல்லிய தகட்டிலேயே செய்ய முடிகிறது. அறுப்பும் ஒடுக்கமாக, சீக்கிரமாக நடக்கும். தள்ளும்போது அதே மெல்லிய அலகு வளையும். மடக்கு ரம்பம் ஒடிந்தது என்றால், தச்சு ரம்பத்தைத் தள்ளிப் பழகிய கை இதையும் தள்ளியிருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். திரும்பப் போகும்போது சும்மா நகர்த்துங்கள்.

ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 பல் இருந்தால் பச்சை மரத்துக்குச் சரி. 10, 12 பல் உள்ளவை காய்ந்த பலகைக்கானவை. பச்சைக் கருவேலின் ஈரத்தூள் அந்தச் சின்னப் பல்லுக்கு நடுவில் அப்பிக்கொண்டால் ரம்பம் வழுக்கத் தொடங்கிவிடும். பல்லின் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அந்த நுனியைத் தனியாகச் சூடேற்றிக் கடினப்படுத்தியிருக்கிறார்கள். அது நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் அரத்தால் தீட்ட முடியாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். அதனால் உபரி அலகு கிடைக்கிற மாடலாகப் பார்த்து, வாங்கும்போதே ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாகோ லாப்லேண்டர் போன்ற 190 மில்லிமீட்டர் அலகுள்ளவை கொஞ்சம் குட்டை என்றாலும் பைக் பெட்டிக்குள் அடங்கும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அலகை விரித்துப் பூட்டி, முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்துங்கள். பூட்டு நழுவினால் வேண்டாம். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பரவாயில்லை, கீல் இருக்கும் இடத்தில் திருகி இறுக்கும் போல்ட் இருக்க வேண்டும். ரிவெட் அடித்து மூடியிருந்தால் ஒரு வருடத்தில் அலகு தளர்ந்து, மடக்கும்போது விரலில் வந்து விழும்.

குட்டியானையோ ஜீப்போ வைத்திருப்பவர்கள், குழாய்ச் சட்டத்தில் அலகு பூட்டிய 21 அங்குல வில் ரம்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வேம்பு, புளி போன்றவற்றின் தொடைத்தடிமன் கிளை விழுந்தால் அதுதான் கைகொடுக்கும்.

வெட்டரிவாள்

பட்டறையில் "அரிவாள்" என்று மட்டும் சொன்னால் போதாது. கதிர் அறுக்கும் பல்லுள்ள கருக்கரிவாள் வேறு, நீண்டு முன்பக்கம் கனத்து வளைந்த வீச்சரிவாள் வேறு, விறகு வெட்டும் குட்டை அரிவாள் வேறு. நமக்கு வேண்டியது கடைசியாகச் சொன்னது. மூக்கு லேசாக உள்நோக்கி வளைந்திருந்தால் போதும். அந்த வளைவு வெட்டுவதற்கு மட்டுமல்ல, வெட்டிய முள்கிளையை எட்ட நின்று கொக்கிபோல இழுத்துப்போடவும் உதவும். அந்த இழுவைதான் இந்த வேலையில் பாதி.

சிவகங்கை மாவட்டத்தில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர் திருப்பாச்சேத்தி. அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை, உலை வைத்திருக்கும் கொல்லர் யாராக இருந்தாலும் அளவு சொல்லிச் செய்துவாங்கலாம். லாரியின் பழைய வில்பட்டையில் அடித்தது நல்லது. அந்த எஃகு கடினமாகும், அதே நேரம் அதிர்ச்சியையும் தாங்கும். கட்டடக் கம்பியிலோ சாதாரணப் பட்டையிலோ அடித்தால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பத்தாவது வெட்டில் வாய் மடங்கும்.

சொல்ல வேண்டிய அளவு: அலகு 9 அங்குலத்துக்குள், அகலம் 2 அங்குலத்துக்குள், முதுகு பிடிப்பக்கம் 5 மில்லிமீட்டர், மூக்குப்பக்கம் 3 மில்லிமீட்டர், பிடியோடு சேர்த்து எடை அரைக்கிலோவுக்குச் சற்று மேல். மணிக்கட்டுத் தடிமனுக்கு இதைவிட நீளம் தேவையில்லை. நீளத்தையும் அகலத்தையும் இவ்வளவில் நிறுத்தச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் ஒன்று உண்டு, பிறகு வருகிறது.

கைக்கு வந்ததும் முதலில் ஓசை பாருங்கள். பிடியை இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு முதுகில் ஓர் ஆணியால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். பொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது, அல்லது பிடி ஆடுகிறது. அடுத்து, கொல்லரிடமே ஓர் அரத்தை வாங்கி வாயின் ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு. அரம் சிரமப்பட்டுக் கடித்தால் தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கடினப்படுத்தியது, சரி. வெண்ணெய்போல இறங்கினால் இளக்கம். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் அதிகக் கடினம். கருவேல் கணுவில் பட்டவுடன் வாயில் பொக்கை விழும். கடைசியாக முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடியை அலட்சியம் செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மரம் காய்ந்து சுருங்கும், பூண் தளரும், வீசும்போது அலகு தனியாகப் பறக்கும். பிடிக்குள் இறங்கும் வாலை அரக்கு ஊற்றிப் பிடிப்பது பழைய வழக்கம். வீட்டில் இருக்கும் அரிவாளுக்கு அது நல்லது. அரக்கு சூட்டில் இளகும் என்பதால் வண்டியில் வைப்பதற்கு அது ஆகாது. அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசையை ஊற்றி, ஒரு நாள் முழுக்க அசையாமல் காயவிடுங்கள். இன்னும் நம்பகம் வேண்டுமென்றால் வாலை அகலமாக விடச் சொல்லி, பிடிக்குக் குறுக்கே இரண்டு ரிவெட் அடித்துவாங்குங்கள். பிடியின் அடிப்பாகம் சற்றுக் குமிழ்த்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. வார்னிஷ் வேண்டாம், வழுக்கும்.

படங்களில் பார்க்கிற நீண்ட மாச்செட்டி ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அது 2 மில்லிமீட்டர் தகடு. கரும்பு, வாழை, கோரை போன்ற இளந்தண்டுக்குச் செய்தது. கருவேல் வைரத்தில் பட்டால் துள்ளும், வாய் சுருளும். பிடிக்குள் தீப்பெட்டியும் திசைகாட்டியும் வைத்த கத்திகள் பிடியோடு சேரும் இடத்தில் ஒடியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கும் பழைய பித்தளைப்பிடி அரிவாளும் பாக்குவெட்டியும் அழகுதான், அவற்றை வீட்டு அலமாரியில் வையுங்கள். கருப்பருக்கு நேர்ந்து செலுத்தும் நெடிய அரிவாளும் அப்படியே: அது சாமிக்குரியது, விறகுக்குச் செய்ததல்ல.

கூர் வைக்கும்போது, கருவேலுக்கு முகச்சவரக் கத்தி மாதிரி மெலிந்த வாய் நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். 5 சென்டிமீட்டர் அகல அலகைச் சாணைக்கல்லில் படுக்கவைத்து, வாய் கல்லைத் தொட்டபடி முதுகை மட்டும் 1½ சென்டிமீட்டர் தூக்குங்கள். அந்தச் சாய்வுதான் அளவு. இரண்டு பக்கமும் அதேபோல. அடுக்கிவைத்த சில நாணயங்களை முதுகுக்கு அடியில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும். பொக்கை இருந்தால் முதலில் 8 அங்குலத் தட்டையரத்தால் ராவி எடுத்துவிட்டுப் பிறகு கல்லுக்குப் போங்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள்; இழுத்தால் அரத்தின் பல் சாகும். மோட்டார் சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வாய் ஓரத்தில் நீலம் படர்ந்துவிட்டால் அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது. அந்த நீலப்பகுதி தேய்ந்து தீரும்வரை அங்கே கூர் நிற்காது.

சின்னக் கத்தி, மற்றவை

3 முதல் 3½ அங்குல அலகு, பூட்டுள்ள மடக்குக் கத்தி, துருப்பிடிக்காத எஃகு. கயிறு, தார்ப்பாய், பம்பரில் சிக்கிய பிளாஸ்டிக் சாக்கு, இளநீர்க்குலைக் கட்டு எல்லாம் இதன் வேலை. சீட் பெல்ட் அறுக்கும் கருவி இதிலிருந்து வேறு. அதை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள். பெல்ட் மாட்டியபடியே ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி உடைக்கும் முனை சேர்ந்ததாக வாங்குங்கள். அந்த முனை பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால்தான் உதவும். முன் கண்ணாடி நடுவில் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விட்டாலும் வழிவிடாது.

முள்கம்பி வேலியில் ஆடு மாடு சிக்குவது நம் பக்கம் அடிக்கடி நடப்பது. 8 அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்றைச் சேர்த்துவையுங்கள். டயரில் ஏறிய முள்ளின் நுனியைக் கத்தரிக்கவும் அதுதான் உதவும்.

கோடாலி காருக்கு வேண்டாம். துள்ளுகிற கிளையில் கோடாலி பதியாது, திரும்பி முழங்காலுக்கு வரும். பேட்டரி ரம்பம் நல்ல கருவிதான், ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லித்தியம் பேட்டரியைப் போட்டுவைக்கக் கூடாது. போகும்போது எடுத்து, வந்ததும் இறக்கிவிடுபவர்களுக்கு மட்டுமே அது சரி. பைக்கில் போகிறவர்களுக்கு மடக்கு ரம்பமும் கவாத்துக் கத்தரியும் போதும். கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடப்பது வேண்டும், ஓர் அலகு தட்டையான பட்டையில் போய் மோதுவது வேண்டாம். பெருவிரல் தடிமன் பச்சைக்கிளை வரை அது நறுக்கும்.

உறை, எண்ணெய், வைக்கும் இடம்

தோலுறை பார்க்க நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அலகைத் துருவேற்றும். அரை அங்குலத் தோட்டக் குழாயில் அலகு நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, வாயின்மேல் மாட்டுங்கள். வளைந்த மூக்குக்கும் குழாய் வளைந்துகொடுக்கும். பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையங்கள் கிடைக்கும். மூன்று வளையம் போட்டு இறுக்குங்கள். ஈரம் தங்காது, அவிழாது, செலவும் இல்லை. மடக்கு ரம்பத்துக்கு உறை தேவையில்லை.

தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம். சில மாதத்தில் அது பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, துணியால் மெல்லிய பூச்சாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெட்டி முடித்த அன்றைக்கே கருவேல் பிசினை டீசல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பிறகு எண்ணெய் போடுங்கள். பிசின் காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டியதாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கெட்டித்துணிப் பையில் போட்டு டிக்கியில் கட்டிவையுங்கள். கூடவே தடித்த தோல் கையுறை, 10 மீட்டர் கயிறு, டார்ச், சுத்தமான துணிக்கட்டு. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அரிவாள் வைப்பது இரண்டு விதத்தில் தவறு. பிரேக் அடித்தால் முன்னால் நழுவிப் பெடலுக்கு அடியில் போகும். சோதனையில் பார்க்கிற போலீசாருக்கு அது கருவியாகத் தெரியாது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாள், கத்தி போன்றவற்றை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் அது விவசாயக் கருவிதான் என்று சாலையில் நின்று விளக்குவது உங்கள் பாடு. அளவுக்குள் இருந்து, உறை போட்டு, கயிறு கையுறையோடு டிக்கியில் இருந்தால் விளக்கம் சுலபம். வீச்சரிவாளை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் வைக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் இன்னும் கவனம் வேண்டும். மருது சகோதரர்களுக்கு 24-ம் தேதி திருப்பத்தூர், 27-ம் தேதி காளையார்கோவில், முத்துராமலிங்கத் தேவருக்கு 30-ம் தேதி பசும்பொன் என்று நினைவுநாள்களும் குருபூஜைகளும் அடுத்தடுத்து வருவதால் சிவகங்கை, ராமநாதபுரம் சாலைகளில் வண்டிச் சோதனை கடுமையாக இருக்கும். அந்த நாள்களில் அரிவாளை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு ரம்பத்தோடு மட்டும் போங்கள். அரிவாள் செய்யும் பட்டறையில் பெயர், முகவரி கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

பாதையில் கிளை கிடக்கும்போது

இறங்குவதற்கு முன் மேலே பாருங்கள். கிளையோடு மின்கம்பி சேர்ந்து விழுந்திருந்தால் எந்தக் கருவியையும் எடுக்காதீர்கள். ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். 10 மீட்டர் தள்ளி நின்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் பெரிய மரம் விழுந்திருந்தால் 1033. சாலையோரத்தில் நிற்கும் மரத்தை வெட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. விழுந்து வழியை மறித்ததை மட்டும், வண்டி போகும் அளவுக்கு விலக்குங்கள்.

கையுறையும் ஷூவும் போட்ட பிறகே பக்கத்தில் போங்கள். கருவேல் முள் செருப்பைத் துளைத்துக் காலுக்குள் ஒடிந்து தங்கும், நாள்கணக்கில் வீங்கும். முதலில் அரிவாளால் சிறுகிளைகளைக் கழியுங்கள். அடியிலிருந்து நுனியை நோக்கி, கிளை வளர்ந்த திசையிலேயே வெட்டினால் ஒரே வெட்டில் போகும். எதிர்த்திசையில் வெட்டினால் கிளையின் கவட்டில் அலகு சிக்கும். நேர்க்குறுக்காக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள். தரையில் வைத்து வெட்டாதீர்கள். செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல் இருக்கும், ஒரு தட்டில் வாய் போகும். ஒரு கட்டையை அடியில் கொடுங்கள். வீச்சு முடியும் இடத்தில் உங்கள் கால் இருக்கக் கூடாது. இரண்டு கை நீளத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.

நடுக்கிளைக்கு ரம்பம். எங்கே அறுத்தால் இறுகும் என்று முதலில் பாருங்கள். இரண்டு முனையும் ஊன்றி நடு தொங்கினால் மேல்பக்கம் நெருங்கி நிற்கும், கீழ்ப்பக்கம் விரிந்து நிற்கும். மேலே கால்வாசி அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுங்கள். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இது தலைகீழ்: கீழே கால்வாசி, மிச்சம் மேலிருந்து. இதைப் பார்க்காமல் அறுத்தால் பாதியில் அலகைக் கிளை கவ்விக்கொள்ளும். அப்போது முறுக்கி இழுக்காதீர்கள், ஒடியும். இன்னொருவர் கிளையைத் தூக்கிப் பிடித்தால் தானாக விடும். வில்போல வளைந்து அழுந்திக்கிடக்கும் கிளை அறுந்ததும் நிமிரும். அது நிமிரும் திசையில் நிற்காதீர்கள்.

கை பட்டுவிட்டால் சுத்தத் துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நிற்காவிட்டால் 108.

துண்டுகளை அரிவாள் மூக்கால் கொக்கி போட்டு ஓரத்துக்கு இழுங்கள், அடிப்பக்கம் பாதையை நோக்கி இருக்கும்படி. பிறகு ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துச் சக்கரத் தடம் இரண்டையும் கூட்டுங்கள். உதிர்ந்த முள்தான் டயரைப் பிடிக்கும். கடந்து போய் நூறு அடி தள்ளி நிறுத்தி நான்கு சக்கரத்தையும் தடவிப் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். துளையை அந்த முள்ளே அடைத்துக்கொண்டிருக்கும். வெளியே நீட்டும் நுனியை மட்டும் பிளேயரால் கத்தரித்துவிட்டு, மெதுவாகப் பஞ்சர் கடை வரை ஓட்டுங்கள். எந்தச் சக்கரம், எந்த இடம் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் கடைக்காரர் தேடி எடுப்பது சுலபம்.